அகழியிலிருந்து சீசாவுக்கு

பசிபிக் பெருங்கடலின் மேற்கே, குவாம் தீவை ஒட்டி, கடலின் தரை பிறை வடிவில் பிளந்து கீழே இறங்குகிறது. அதுதான் மரியானா அகழி. உலகக் கடல்களிலேயே ஆழமான புள்ளி அதற்குள் இருக்கிறது. ஏறக்குறைய பதினோரு கிலோமீட்டர். இந்தக் கட்டுரையின் நாயகன் அவ்வளவு கீழே பிடிபடவில்லை. அகழியின் மேல்பகுதியில், 6,010 மீட்டருக்கும் 6,949 மீட்டருக்கும் இடைப்பட்ட ஆழத்தில் கிடைத்த உயிர் அது. மேல்பகுதி என்றதும் வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சூரிய ஒளி அதற்கு வெகு உயரத்திலேயே முழுக்க அற்றுப்போய்விடும். தரையில் நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றழுத்தத்தைப்போல் அறுநூறு, எழுநூறு மடங்கு அழுத்தம். தண்ணீரோ உறைநிலைக்குச் சற்று மேலேதான்.

இறாலும் நண்டும் அடங்கிய ஓட்டுடலிகள் கூட்டத்தில் இதுவும் ஒன்று. ஆனால் இறாலும் இல்லை, நண்டும் இல்லை. ஆம்பிபாட் என்னும் தனி வரிசை. பக்கவாட்டில் தட்டையான உடம்பு, வளைந்த முதுகு, ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கென்று அமைந்த ஏராளமான கால்கள். நம் கடற்கரைகளில் ஒதுங்கும் பாசியைக் கையால் புரட்டினால் துள்ளி ஓடும் பொடி உயிர்கள் பலவும் இந்த வரிசைதான். பெண்ணின் மார்புக் கால்களுக்கு நடுவே தகடுகளால் ஆன ஒரு பை உண்டு. முட்டைகள் அதற்குள்ளேயே பொரிந்து, தாயின் சிற்றுருவாகவே குஞ்சுகள் வெளியேறும். இறால் குஞ்சுகளைப்போல் கடல்மேல் மிதந்து திரிந்து உருமாறும் பருவம் இவற்றுக்குக் கிடையாது. அதனால் பார்த்த மாத்திரத்தில் ஒன்றுபோலவே தோன்றும் ஆம்பிபாட்கள் இடத்துக்கு இடம் வெவ்வேறு இனங்களாகப் பிரிந்து நிற்க வாய்ப்பு அதிகம். இந்தக் கதையில் அது முக்கியமான சங்கதி.

நம் நாயகன் சேர்ந்த யூரிதீனஸ் என்னும் பேரினத்து ஆம்பிபாட்களுக்குப் பிணம்தான் உணவு. மேலே செத்த மீனோ திமிங்கிலமோ கீழே வந்து விழுந்தால், வாசனையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நீந்தி வந்து மொய்த்துவிடும். அடுத்த உணவு எப்போது கிடைக்கும் என்ற உறுதி அங்கே எந்த உயிருக்கும் இல்லை. கிடைத்தபோது வயிறு கொண்ட மட்டும் தின்றுவைத்துக்கொள்ள வேண்டும். எதைத் தின்பது, எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது. இந்தப் பழக்கம்தான் நம் நாயகனை இரை வைத்த கூட்டுக்குள் கொண்டுவந்தது. பின்னால் அதன் பெயருக்கும் காரணமானது.

2014 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஷ்மிட் பெருங்கடல் நிறுவனத்தின் ஃபால்கோர் என்ற ஆய்வுக் கப்பல் மரியானா அகழிமேல் நின்றது. ஆறாயிரம் மீட்டருக்குக் கீழே உள்ள உயிர்வாழ்க்கையை ஆராயும் ஒரு பெரிய திட்டத்தின் பயணம் அது. அகழியில் வாழும் நத்தைமீன் ஒன்றும் அந்தப் பயணத்தில் கிடைத்து, 2017-ல் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அந்தப் பேய்வெள்ளை மீனுக்குக் கிடைத்த பத்திரிகைப் புகழ் ஆம்பிபாட்களுக்கு அப்போது கிடைக்கவில்லை.

பிடித்த விதம் பாக் ஜலசந்தி மீனவர்களுக்குக் கேட்டதும் புரிந்துவிடும். அவர்கள் கடலடிப் பாருக்குப் பக்கத்தில் கூடு இறக்குவதைப்போல்தான் இதுவும்: உள்ளே இரை, குறுகிச்செல்லும் வாய், நுழைந்தது திரும்பி வராது. வித்தியாசம் என்னவென்றால் இந்தக் கூட்டுக்குக் கயிறு கிடையாது. ஒரு உலோகச் சட்டகத்தில் கூடுகளைக் கட்டி, எடைகளை மாட்டி, கடலில் விட்டுவிடுவார்கள். சில மணி நேரம் தானாகவே மூழ்கித் தரையில் போய் அமரும். குறித்த நேரம் கழிந்ததும் கப்பலிலிருந்து ஒலியால் ஒரு கட்டளை போகும். எடைகள் கழன்றுகொள்ளும், மிதவைகளின் இழுப்பில் சட்டகம் மேலே ஏறத் தொடங்கும். மேலே வந்த பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டளைக்குச் சட்டகம் இணங்காமல் போனால் கூடும் போச்சு, கருவியும் போச்சு.

ஆம்பிபாட்டின் உடம்பில் காற்றறை எதுவும் இல்லை. எனவே ஆழ்கடல் மீன்கள் சிலவற்றைப்போல் ஏறும்போது வயிறு ஊதி வெடிப்பதில்லை. ஆனாலும் பிழைக்காது. வாழ்நாள் முழுக்கத் தாங்கிய அழுத்தம் விலகுகிறது. கடைசிச் சில நூறு மீட்டரில் வெப்பமண்டலக் கடலின் வெதுவெதுப்பான நீர். கப்பல் தளத்துக்கு வரும்போது பெரும்பாலும் செத்துவிட்டிருக்கும், இல்லையென்றால் செத்துக்கொண்டிருக்கும். உடனே எத்தனால் நிரப்பிய சீசாவுக்குள் போகும். கூடவே ஒரு சீட்டு: எந்த நாள், எந்த இடம், எத்தனை மீட்டர் ஆழம். எத்தனாலில் உயிரின் நிறம் மெல்ல மெல்ல வெளுத்துப்போகும். சீட்டு மட்டும் அழியக் கூடாது. சீட்டு இல்லாத மாதிரியை வைத்துக்கொண்டு ஒரு இனத்தை விவரிக்க முடியாது.

அங்கிருந்து பெயர் கிடைக்க 2020 ஆனது. ஐந்தாண்டுக்கும் மேல் என்பதைத் தாமதம் என்று வெளியாட்கள் சொல்லலாம். வகைப்பாட்டியல் வேலை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். உலகெங்கும் அருங்காட்சியகங்களிலும் ஆய்வகங்களிலும் இப்படி எத்தனையோ சீசாக்கள் காத்திருக்கின்றன. உள்ளே இருப்பது புதிய இனம் என்று சொல்வதற்கு முன்னால், பழைய இனங்கள் எவை என்று ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். யூரிதீனஸ் விஷயத்தில் அதுவே பெரிய சிக்கலாக இருந்தது.

யூரிதீனஸ் கிரில்லஸ் என்ற இனம் 1822-லேயே விவரிக்கப்பட்டது. அதன்பின் வடதுருவக் கடலில் கிடைத்தாலும், தென்துருவத்தை அடுத்து கிடைத்தாலும், பசிபிக் நடுவில் கிடைத்தாலும் எல்லாவற்றையும் கிரில்லஸ் என்றே எழுதிவைத்தார்கள். உலகம் முழுக்கப் பரந்த ஒரே இனம் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. 2013-ல் சார்லட் ஹேவர்மன்ஸும் கூட்டாளிகளும் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த எண்ணம் உடைந்தது. ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தன. 2015-ல் அவரும் செட்ரிக் துதெகெம் தகோவும் சேர்ந்து அவற்றில் நான்கைப் பிரித்துப் பெயரிட்டார்கள். தென்கடலின் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்கு யூரிதீனஸ் அந்தகாரே என்று பெயர். ஆமாம், நமக்குத் தெரிந்த அந்தகாரம்தான். ஐரோப்பாவில் உட்கார்ந்து அண்டார்க்டிக் உயிருக்குப் பெயர் தேடியவர்கள் சமஸ்கிருத இருட்டைத் தேர்ந்தெடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

இந்த அடித்தளம் அமைந்த பிறகுதான் மரியானா சீசாவைத் திறந்து நம்பிக்கையோடு கேள்வி கேட்க முடிந்தது. கேட்டவர்கள் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொஹானா வெஸ்டனும், ஆழ்கடல் அகழி ஆய்வில் பெயர்பெற்ற ஆலன் ஜேமிசனும், அவர்களுடைய கூட்டாளிகளும்.

ஒரு ஆம்பிபாட்டை விவரிப்பது என்றால் என்ன வேலை என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் அளவே உள்ள உடம்பைத் தட்டில் வைத்து, நுண்ணோக்கியின் கீழே, மெல்லிய இடுக்கியாலும் ஊசியாலும் ஒரு பக்கத்து உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். உணர்கொம்புகள் இரண்டு ஜோடி. வாய் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவது இங்கே பல துண்டுகள்: வெட்டும் தாடை, அதன் பின்னே அடுக்கடுக்காகத் துணைத் தாடைகள், அவற்றை மூடும் தாடைக்கால். பிறகு பற்றும் கால்கள் இரண்டு ஜோடி, நடக்கும் கால்கள் ஐந்து ஜோடி, நீந்தும் கால்கள் மூன்று ஜோடி, வாலருகே உந்தும் கால்கள் மூன்று ஜோடி, கடைசியாக வால்தகடு. ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டில் கிடத்திப் பார்த்துப் படம் வரைய வேண்டும். புகைப்படம் போதாதா என்று தோன்றும். போதாது. புகைப்படம் ஒரு நேரத்தில் ஒரு தளத்தைத்தான் தெளிவாகக் காட்டும். வரைபவரோ குவியத்தை ஏற்றி இறக்கி, முன்னால் இருக்கும் முள்ளையும் பின்னால் இருக்கும் முள்ளையும் ஒரே கோட்டுப்படத்தில் கொண்டுவந்துவிடுவார். உள்தகட்டின் விளிம்பில் எத்தனை மயிர்கள், பற்றும் காலின் உள்ளங்கை நேராக இருக்கிறதா குழிந்திருக்கிறதா, காலின் அடித்தகடு எந்த இடத்தில் அகலம் கொள்கிறது என்பதெல்லாம் ஒரு இனத்தை அடுத்த இனத்திலிருந்து பிரிக்கும் ஆதாரங்கள். எண்ணுவார்கள், இன்னொரு உயிரில் எண்ணிச் சரிபார்ப்பார்கள். ஆண், பெண், இளசு என்று வயதிலும் பாலிலும் மாறுவது எது, மாறாதது எது என்று பிரிப்பார்கள். மாறாததுதான் இனத்தின் அடையாளம்.

கூடவே மரபணுச் சோதனை. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள இரண்டு பகுதிகளின் எழுத்துவரிசையைப் படித்து, மற்ற யூரிதீனஸ்களோடு வைத்துப் பார்த்தார்கள். உருவம் சொன்னதையே மரபணுவும் சொன்னது: இது தனிக் கிளை. அந்தப் பேரினத்தின் ஒன்பதாவது இனம்.

இதோடு நின்றிருந்தால் வகைப்பாட்டியலாளர் சிலர் மட்டும் படிக்கும் நல்ல கட்டுரை ஒன்று பிறந்திருக்கும். ஆனால் அவர்கள் குடலையும் திறந்தார்கள். பின்குடலை ஆராய்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. கூட்டுக்குள் நுழைந்த பிறகு தின்றது முன்குடலில் இருக்கும். பின்குடலில் இருப்பது கூட்டுக்கு வெளியே, தன் சொந்த வாழ்க்கையில் தின்றது. இந்த இனத்தின் ஓர் உயிருடைய பின்குடலில் ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு நார் கிடைத்தது. அதன்மேல் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, எந்த அலைநீளங்களை அது உறிஞ்சுகிறது என்று பதிவுசெய்து, தெரிந்த பொருட்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பாலிஎதிலீன் டெரிஃப்தலேட், சுருக்கமாகப் பெட், என்ற பொருளோடு 83.74 சதவீதம் ஒத்துப்போனது. நாரில் 83 சதவீதம்தான் பிளாஸ்டிக் என்று இதற்குப் பொருளில்லை. இரண்டு பதிவுகளும் எவ்வளவு நெருக்கம் என்பதன் அளவு அது.

பெட் என்றால் தண்ணீர் பாட்டில். பெட் என்றால் பாலியெஸ்டர் துணியும்தான். சட்டை, சேலை, பள்ளிச் சீருடை என்று எதைத் துவைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து தண்ணீரோடு போகின்றன. பெட் கடல்நீரைவிடக் கனமானது, மிதந்துகொண்டே இருக்காது. இறந்த நுண்ணுயிர்களும் கழிவுகளும் மேலிருந்து ஓயாமல் கீழே உதிர்ந்துகொண்டிருக்கின்றன. இழையும் அவற்றில் ஒட்டிக்கொண்டு இறங்கும். அகழியின் சரிவான சுவர்கள் வருவதையெல்லாம் நடுவுக்குத் தள்ளும். நிலநடுக்கம் வந்தால் சரிவில் படிந்த சேறும் மொத்தமாகக் கீழே சரியும். அகழிக்குள் போனது வெளியேற வழியில்லை.

இந்த ஒற்றை நார் தனியான விபத்து இல்லை. ஜேமிசன் குழு 2017-ல் மரியானா, கெர்மடெக் அகழிகளின் ஆம்பிபாட்களில் பிசிபி என்ற தொழிற்சாலை நஞ்சை அளந்து வெளியிட்டது. பல நாடுகள் எழுபதுகளிலேயே கைவிடத் தொடங்கிய நஞ்சு அது. சீனாவில் மிகவும் மாசுபட்ட ஆறுகளில் ஒன்றான லியாவ் ஆற்றின் நீர் பாயும் நெல்வயல்களில் பிடித்த நண்டுகளைவிட, மரியானா ஆம்பிபாட்களில் மிக அதிகமாக இருந்த அளவு ஐம்பது மடங்கு. வயல் நண்டு எப்படிப்பட்ட தண்ணீரில் வாழ்கிறது என்பது நமக்குத் தெரியும். அதை வைத்து இந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். 2019-ல் ஆறு அகழிகளிலிருந்து எடுத்த 90 ஆம்பிபாட்களைத் திறந்தபோது, 72 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றின் பின்குடலில் குறைந்தது ஒரு செயற்கைத் துகளாவது இருந்தது. அதற்கும் முன்பே, 1998-ல், மரியானா அகழியில் 10,898 மீட்டர் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை ஜப்பானிய ஆழ்கடல் கலம் படம்பிடித்திருந்தது. அந்தப் படம் இருபது ஆண்டுகள் கழித்தே ஆய்வுக் கட்டுரையில் ஏறியது.

ஆகவே பெயர் வைக்கும் நேரம் வந்தபோது அவர்கள் யூரிதீனஸ் பிளாஸ்டிகஸ் என்று வைத்தார்கள். கடலில் கொட்டும் பிளாஸ்டிக்கை உடனே நிறுத்த வேண்டும் என்பதை உலகின் கண்ணில் படவைக்கத்தான் இந்தப் பெயர் என்று ஜேமிசன் வெளிப்படையாகவே சொன்னார். உலக இயற்கை நிதியத்தின் ஜெர்மன் கிளை செய்தியைப் பரப்பியது. 2020 மார்ச் 5 அன்று ஸூடாக்ஸா இதழில் விவரணை வெளியானது. ஆறே நாளில் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆழ்கடலின் குடலில் கிடைத்த நாரைப் பற்றிப் பேச உலகத்துக்கு நேரமில்லாமல் போனது.

இந்தப் பெயர்மேல் நியாயமான மறுப்பு ஒன்றைச் சொல்லலாம். பாவம், அந்த உயிர் என்ன செய்தது? கால் எப்படி, கண் எப்படி, எங்கே வாழ்கிறது என்று அதன் சொந்தக் குணத்தைச் சொல்லும் பெயர் இருக்க, நம்முடைய குப்பையை அதன் தலையில் ஏற்றுவது என்ன நீதி? நானும் இதை யோசித்துப் பார்த்தேன். முடிவில் பெயர் வைத்தவர்கள் பக்கம்தான் நிற்கிறேன். அதற்குக் காரணம் விலங்கியல் பெயர்களின் சட்டத்தில் இருக்கிறது. சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி, ஒழுங்காக வெளியிடப்பட்ட பெயரைப் பொருத்தமில்லை என்ற காரணத்துக்காக மாற்ற முடியாது. வைத்தவரே பின்னால் வருந்தினாலும் முடியாது. 1758-ல் லின்னேயஸ் வைத்த பெயர்கள் இன்றைக்கும் செல்லுபடியாவது இந்த ஏற்பாட்டால்தான். நாளைக்கே கடலில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கும் விழாது என்று ஆனாலும், முந்நூறு ஆண்டு கழித்து அந்த அகழியை ஆராய வருபவர் இந்த உயிரை பிளாஸ்டிகஸ் என்றே எழுதியாக வேண்டும். ஏன் இந்தப் பெயர் என்று அவர் மாணவர் கேட்பார். நாம் இப்படி வாழ்ந்தோம் என்று அவர் சொல்லியாக வேண்டும். அறிக்கைகள் மறந்துபோகும், ஒப்பந்தங்கள் காலாவதியாகும். இந்தச் சாட்சியத்தை யாரும் திரும்பப் பெற முடியாது.

பெயர் காற்றில் நிற்காது. ஒரு உடம்பில் நிற்க வேண்டும். புதிய இனத்தை அறிவிப்பவர் தன்னிடம் உள்ளவற்றில் ஒன்றை மூலமாதிரியாகக் குறித்தாக வேண்டும். விலங்கியலாளர்கள் அதை ஹோலோடைப் என்பார்கள். அது பொதுச் சேகரிப்பு ஒன்றில், எண்ணிட்டு, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி பாதுகாக்கப்படும். அதன் மரபணு எழுத்துக்கள் பொதுத் தரவகத்தில் ஏறும். பிற்காலத்தில், இது இரண்டு இனம் என்றோ, வேறொன்றோடு ஒரே இனம் என்றோ யாராவது வாதிட்டால், தீர்ப்பு அந்த ஒரே உடம்பை வைத்துத்தான். கிரில்லஸ் விஷயத்தில் நேர்ந்த குழப்பம் இதன் மதிப்பை உணர்த்தியது. பிளாஸ்டிகஸ் மரியானா அகழியோடு நிற்கவில்லை என்பதும், மத்திய பசிபிக்கின் ஆழச் சமவெளி வரை அதன் வாழிடம் பரந்திருக்கிறது என்பதும் இப்படி ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டவையே.

வெஸ்டனின் வேலை அதோடு முடியவில்லை. சிலி நாட்டுக்கு அப்பாலுள்ள அட்டகாமா அகழியிலிருந்து இன்னொரு யூரிதீனஸை 2021-ல் விவரித்தார்கள். அதே அகழியில் 7,902 மீட்டர் ஆழத்தில் 2023-ல் நான்கே நான்கு கிடைத்த வேறொரு ஆம்பிபாட், பிணம் தின்பது அல்ல, வேட்டையாடுவது என்று தெரிந்தது. தனிப் பேரினமாகவே அறிவித்து, டல்சிபெல்லா கமன்சாகா என்று 2024-ல் பெயரிட்டார்கள். முன்பு ஐந்தாண்டுக்கும் மேல் எடுத்தது இங்கே ஓரிரு ஆண்டுகளில் முடிந்திருக்கிறது. ஒப்பிடுவதற்கான அடித்தளம் வலுவாக வலுவாக இந்த வேலை விரைவாகும் என்பதற்கு இது சான்று.

இந்தியக் கடலுக்கும் இது பொருந்தும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கி வருகிறது. மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், கடல்தரைச் சேற்றில் கிடக்கும் உலோக முடிச்சுகளை ஆராய இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அந்தச் சேற்றிலும் பிணம் தின்னும் ஆம்பிபாட்கள் இருக்கும். யூரிதீனஸ் எல்லாப் பெருங்கடலிலும் உண்டு. 2021-ல் ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் இயக்கத்தில் உயிரினப் பன்மையை ஆராய்வதற்கென்று ஒரு பிரிவும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்கு வேண்டியது ஒலிக்கட்டளைக்கு இணங்கும் சட்டகம் மட்டுமல்ல. மேலே வரும் சீசாக்களைத் திறந்து, கால் காலாகக் கழற்றி, மயிர் மயிராக எண்ணி வரையத் தெரிந்த ஆட்கள். முடிச்சுகளை அள்ளும் இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் அவர்கள் பயிற்சி பெற்று, சம்பளம் பெற்று, மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.